பனி பெய்வதாக நினைத்த கார்

— அப்ப வீட்டுலேருந்து இங்க வர்ற வரைக்கும் இந்தச் சூட்டுலயா ஓட்டிக்கிட்டு வந்தீங்க?

— வேற என்ன செய்ய, தங்கச்சி? நாலு கண்ணாடியையும் எறக்கிட்டேன். வெளியில ஈப்போ வெயிலு, உள்ள அடுப்பு. நீலப் பட்டன அமுக்கினாலும் சூடு, செவப்புப் பட்டன அமுக்கினாலும் சூடு. சிக்னல்ல பக்கத்துல நின்ன மோட்டார்சைக்கிள்காரன் என் மூஞ்சியப் பாத்துட்டு, அக்கா, ஆஸ்பத்திரிக்கா போறீங்கன்னு கேக்குறான். அது கெடக்கு. எங்க ஒங்க போமேன், காடி ரிப்பேர் பாக்குறவரு? பலகையில லூர்துசாமி, எயர்கோன், வயரிங்னு போட்டிருக்கு.

— அண்ணன் கம்பார் போயிருக்கு. வழியில நின்னுபோன ஸ்கூல் பஸ்ஸு. சாயங்காலம்தான் வரும். நான் அதோட தங்கச்சி, எல்ஸி. போன் எடுக்கிறது, வர்றவங்க பேர எழுதி வைக்கிறது, அவ்வளவுதான் என் வேல.

— சாயங்காலமா? அப்ப எங் கதை முடிஞ்சிச்சு. அஞ்சு மணிக்கு எங்க வீட்டுக்காரரு பீடோர் ஆபீஸ்லேருந்து வந்திருவாரு. அதுக்குள்ள இந்தக் காடி குளுகுளுன்னு வீட்டு வாசல்ல நிக்கணும்.

— ஒங்க பேரு என்னக்கா? எழுதிக்கிறேன்.

— மங்களம். சதாசிவம் லோரி கம்பெனி தெரியுமா? அவரு சம்சாரம். எழுதி என்ன ஆவப் போவுது. ஏற்கெனவே மூணு பட்டறையில எழுதிட்டாங்க. மூணு பேரும் ஒரே பாட்டுத்தான். இது தானே சூடு குளிரு பாத்துக்கிற காடி, உள்ள இருக்கிற மூளைப் பொட்டி ரோசாக், கெட்டுப் போச்சு, புதுசு ஜப்பான்லேருந்து வரணும், மூணு மாசம் ஆகும்.

— டெஸ்ட் பண்ணிப் பாத்துச் சொன்னாங்களா?

— எங்க பாத்தான்? ஒருத்தன் கதவத் தெறந்தான், சூடு மூஞ்சியில அடிச்சிச்சு, மூளை போச்சுன்னுட்டான். இன்னொருத்தன் கதவக்கூடத் தெறக்கல.

— மீட்டரு வைக்காம எப்படிக்கா சொல்லுவான்? ஒரு பொட்டியக் குத்தம் சொல்றதுக்கு முன்னாடி அதுக்குப் போற வயரு, வர்ற வயரு, எல்லாத்தையும் தொட்டுப் பாக்கணும். கண்ணு போன ஆளுக்கு மூளை கெட்டுப் போச்சுன்னா சொல்லுவாங்க?

— நீ பேசுறதப் பாத்தா பேரு எழுதுற பொண்ணு மாதிரி தெரியலயே.

— எலெக்ட்ரானிக் ஃபேக்டரியில எட்டு வருஷம் இருந்தேன். டெஸ்டிங் லைன். ஒரு நாளைக்கு நானூறு போர்டு என் கையில போகும். போன வருஷம் வேல கொறஞ்சிச்சுன்னு முந்நூறு பேர வீட்டுக்கு அனுப்பினாங்க, அதுல நானும் ஒருத்தி. இங்க வந்தா அண்ணன் காடியத் தொட விடாது. பொம்பளை கை வச்சா கஸ்டமரு அடுத்த தடவ வர மாட்டாங்கன்னு பயம்.

— இந்தக் கஸ்டமரே பொம்பளைதானே. தொடு.

— அக்கா, ஏதாச்சும் ஆச்சுன்னா...

— ஏற்கெனவே செத்துப் போச்சுன்னு மூணு டாக்டரு எழுதிக் குடுத்த ஒடம்பு. நீ தொட்டு இன்னுமா சாவும்? அந்த மீட்டர எடுத்துக்கிட்டு வா, தங்கச்சி.

— சரி. சாவியக் குடுங்க. எஞ்சின் வேணாம், சாவிய மட்டும் திருப்புறேன். காத்து எல்லா வேகத்துலயும் வருது. ஃபியூஸ் நல்லாருக்கு. இப்ப இந்தப் பக்கத்து சீட்டு முன்னாடி இருக்குதே, சாமான் வைக்கிற பொட்டி, அதக் கழட்டணும். உள்ள இருக்கிறதெல்லாம் எடுத்துருங்க.

— என்னா இருக்கு, ஒரு குங்குமப் பொட்டலம், தலைவலித் தைலம், அவரோட வெத்தலை டப்பா. ஆச்சு.

— நாலு ஸ்க்ரூ. பொறுங்க. ஆ, வந்துருச்சு. பாருங்கக்கா, உள்ள தெரியுதா? சின்ன கறுப்புப் பொட்டி, பின்னால ஒரு பெரிய பிளக்கு, அதுல இருபது வயரு. இதான் அந்த மூளை.

— இத்துணூண்டா? இதுக்கா மூணு மாசம்?

— பிளக்க உருவிட்டேன். இனிமே நான் கேக்குறப்ப நீங்க மீட்டர்ல ஊசி எங்க நிக்குதுன்னு சொல்லணும். நான் தலைய உள்ள விட்டா எனக்கு மீட்டரு தெரியாது. மொதல்ல பேட்டரி கரண்டு. இந்த செவப்பு வயரு. என்ன காட்டுது?

— பன்னெண்டுக்கு மேல கொஞ்சம்.

— பாகுஸ், நல்லாருக்கு. சாப்பாடு வருது. அடுத்தது கறுப்பு, பாடியோட சேர்ற வயரு. ஊசி முழுசா ஓடுதா?

— ஒரே ஓட்டமா அந்தப் பக்கம் போய் இடிச்சுக்கிட்டு நிக்குது.

— நல்லது. இப்ப கண்ணு காது. இந்தக் காடிக்கு ரெண்டு இருக்குக்கா. ஒன்னு உள்ள, டாஷ்போர்டுல சின்ன ஓட்டைக்குப் பின்னால. ரூம்பு எவ்வளவு சூடுன்னு பாக்கும். இன்னொன்னு வெளியில, முன்னால கிரில்லுக்குப் பின்னால. ஊரு எவ்வளவு சூடுன்னு பாக்கும். ரெண்டையும் கேட்டுத்தான் மூளை முடிவு பண்ணும். உள்ள இருக்கிறதப் பாப்போம். அந்த ஓட்டையில வாய வச்சு ஊதுங்க.

— ஊதவா? சாம்பிராணி போடுற மாதிரியா?

— அதே மாதிரிதான். ஊதுறப்ப ஊசி அசையுதா?

— அசையுது, அசையுது. நான் ஊதினா நகருது, நிறுத்தினா திரும்பி வருது. ஆத்தாடி, உசுரு உள்ளது மாதிரி இருக்கே.

— அது நல்லாருக்கு. இப்ப வெளியில இருக்கிறது. இந்த ரெண்டு பின். என்ன காட்டுது?

— ஒன்னுமில்ல.

— கொஞ்சம்கூட அசையலயா?

— செத்த பாம்பு மாதிரி கெடக்கு.

— கொசோங், சுத்தமா காலி. அக்கா, புடிச்சிட்டேன்னு நெனக்கிறேன். கேளுங்க. வெளியில சூடா இருந்தா இந்தப் பக்கம் கரண்டு நல்லா ஓடும். குளிராக ஆக ஓட்டம் கொறையும். ஒன்னுமே ஓடலன்னா மூளை என்ன நெனக்கும்?

— என்ன நெனக்கும்?

— வெளியில பயங்கரக் குளிருன்னு நெனக்கும். பனி கொட்டுது, உள்ள இருக்கிற மங்களம் அக்கா வெறச்சிப் போயிருவாங்க, பாவம், சூட்டத் தெறந்து விடுவோம்னு தெறந்து விடும்.

— அடப் பாவி. என்ன வேக வச்சது என் மேல உள்ள பாசத்துலயா?

— மூளை நல்லாத்தான் வேல செய்யுது. யாரோ அதுக்குப் பொய் சொல்றாங்க, அவ்வளவுதான். வாங்க, முன்னாடி போய் கிரில்லக் கழட்டுவோம்.

— எல்ஸி.

— என்னக்கா?

— கழட்ட வேணாம். அது எப்படிப் போச்சுன்னு எனக்குத் தெரியும். நான்தான் ஒடச்சேன்.

— நீங்களா?

— இந்தக் காடிய நான்தான் கொண்டு போய் இடிச்சேன். மூணு வாரம் ஆச்சு. பம்பரு, கிரில்லு எல்லாம் நசுங்கிருச்சு. செமோர்ல தகரம் தட்டுற ஒரு சீனன்கிட்ட குடுத்து ஒரே நாள்ல நேராக்கிட்டோம். நானும் பத்துமலையும். பத்துமலைதான் எங்க டிரைவரு.

— வீட்டுல தெரியாதா?

— இடிச்சதும் தெரியாது. நான் ஓட்டுறதே தெரியாது.

— ஓட்டுறதே தெரியாதா? அப்ப லைசென்ஸ்?

— அது இருக்கு. வந்து பத்து நாளாச்சு. அரிசி டின்னுக்குள்ள பாலித்தீன் பையில சுத்தி வச்சிருக்கேன். சிரிக்காத.

— சிரிக்கலக்கா. சொல்லுங்க.

— பதினோரு வருஷத்துக்கு முன்னாடி, புது வீடு குடி போன அன்னைக்கு, வந்தவங்க எல்லாம் சாப்பிட்டுக்கிட்டு இருக்காங்க. நான் சும்மா கேட்டேன், எனக்கும் காடி ஓட்டச் சொல்லிக் குடுங்களேன்னு. இவரு சிரிச்சாரு பாரு, சோறு பொரை ஏறிப் போச்சு. வீரம்மா மவ கையில ஸ்டியரிங்கா, ரோட்டோரத்து மரமெல்லாம் எழுந்து ஓடிருமேன்னாரு. பந்தியே சிரிச்சிச்சு. எங்கம்மா வீரம்மாவும் அந்தப் பந்தியில இருந்தா. அவளும் என்ன செய்வா, சிரிச்சா. அதுக்குப் பெறகு நான் கேக்கல. கேக்கவே கூடாதுன்னு வச்சிக்கிட்டேன். கடைசிப் பையனும் காலேஜுக்குப் போயிட்டான், வீட்டுல நானும் செவுரும்தான். ஒரு நாளு பத்துமலைகிட்ட, தம்பி, நீ சொல்லிக் குடுப்பியான்னேன். அக்கா, மொதலாளிக்குத் தெரிஞ்சா என் தோலு மிஞ்சாதேன்னான். ஆனா சொல்லிக் குடுத்தான்.

— எங்க போய் பழகினீங்க?

— செமோருக்கு அந்தாண்ட, நான் பொறந்த ரப்பர் தோட்டத்துல. மரமெல்லாம் வெட்டிட்டாங்க, வீடு கட்டப் போறாங்களாம். ரோடு மட்டும் கெடக்கு. ஆளு கெடையாது, ஆடு கெடையாது. அவ்வளவு பெரிய வெட்டவெளியில ஒரே ஒரு பழைய பால் ஸ்டோரு நிக்குது. அதோட தூணுல போய் நேரா இடிச்சேன்.

— இருந்த ஒரே தூணுலயா?

— எங்கம்மா முப்பது வருஷம் பால் வாளிய எறக்கி வச்ச தூணு. பத்துமலை சொல்றான், அக்கா, பிரேக்க மிதிக்கச் சொன்னா பிரார்த்தனை பண்றீங்களேன்னு. இப்ப சிரிப்பா இருக்கு. அன்னைக்கு இல்ல. இப்ப விஷயம் என்னன்னா, எயர்கோன் கெட்டதுக்கு இவரு பத்துமலைய வையுறாரு. வெயில்ல நிறுத்தினான், பட்டன நோண்டினான்னு. நேத்து காலையில கிளார்க்குகிட்ட போன்ல பேசினது என் காதுல விழுந்துச்சு. மாசக் கடைசிக்குப் பெறகு பத்துமலைக்கு இந்தக் காடியில வேல இல்லன்னாரு. அவனுக்கு அஞ்சு புள்ளைங்க, எல்ஸி. நான் இடிச்சதுக்கு அவன் வயித்துல அடிக்கிறதா? இன்னைக்கு அவன லோரி ஓட்டச் சொல்லி பீடோருக்குக் கூட்டிக்கிட்டுப் போயிட்டாரு. நான் சாவிய எடுத்தேன், வந்துட்டேன். தனியா ஓட்டினது இதான் மொத தடவ.

— குளிர வச்சிட்டா பத்துமலை தப்பிச்சிடுவாரா?

— குளிர்ந்தா கோவம் போயிரும்னு பாக்குறேன். போகலன்னா இடிச்சதச் சொல்லிருவேன். சொன்னா என்ன, திரும்பவும் ஒரு பந்தி சிரிக்கும்.

— பொறுங்கக்கா. நீங்கதான் ஒடச்சீங்கன்னு நீங்க சொல்றீங்க, மீட்டரு இன்னும் சொல்லல. ஸ்க்ரூ டிரைவரக் குடுங்க, கிரில்லக் கழட்டுறேன்.

— இடிச்ச எனக்குத் தெரியாதா?

— அந்த மூணு போமேனும் இதே மாதிரிதான் சொன்னாங்க. இந்தா, கிரில்லு வந்துருச்சு. பாருங்க, பட்டாணி மாதிரி ஒன்னு தொங்குதே, இதான். வயரு பிளக்கு நல்லாத்தான் இருக்கு. தகரம் தட்டுனவன் ஒழுங்கா மாட்டியிருக்கான். இப்ப பட்டாணியிலயே நேரா மீட்டர வைக்கிறேன். மீட்டரப் பாருங்க.

— எல்ஸி, ஊசி நிக்குது. நடுவுல நிக்குது.

— எதுத்த டீக்கடையில ஐஸ் போட்ட டீ, தே ஓ ஐஸ் ஒரு பொட்டலம் சொல்லுங்க.

— தாகமா?

— எனக்கில்ல, இதுக்கு.

— தம்பி, தே ஓ ஐஸ் ஒன்னு, கட்டிக் குடு. ஐசு நெறையா. ஆமா, காடிக்குத்தான். இந்தா புடி. பொட்டலத்த எங்க வைக்கிற?

— அது மேலயே அணைச்சு வைக்கிறேன். பாத்துக்கிட்டே இருங்க.

— எறங்குது. மெதுவா எறங்குது. எடுத்துட்டியா? இப்ப ஏறுது. அடேயப்பா, குளிர்னா எறங்குது, சூடுன்னா ஏறுது. இது நல்லாவா இருக்கு?

— கல்லு மாதிரி இருக்கு. நீங்க ஒடைக்கலக்கா.

— நான் ஒடைக்கலயா?

— இல்ல.

— மூணு வாரமா நான் தூங்கலடி. சாமிகிட்டல்லாம் மன்னிப்புக் கேட்டுட்டேன். மாரியம்மனுக்கு ரெண்டு எளநி வேற.

— எளநி வீணாப் போகாது, அந்தத் தூணுக்குன்னு வச்சிக்குங்க. இப்ப சொல்லுங்க, சூடு எந்த நாளு ஆரம்பிச்சிச்சு? நல்லா யோசிச்சு.

— சனிக்கெழம இடிச்சேன். ஞாயித்துக்கெழம செமோர்ல தட்டி எடுத்தோம். திங்கக்கெழம கோயிலுக்குப் போனோம்.

— திங்கக்கெழம உள்ள எப்படி?

— எப்படின்னா, நான் முந்தானைய இழுத்துப் போத்திக்கிட்டுத்தான் உக்காந்திருந்தேன். ஆமா. குளிருச்சு. ஏன் எனக்கு இது தோணாமப் போச்சு?

— குத்தம் செஞ்சவங்களுக்கு நாளு கணக்கு தெரியாது. செவ்வாய்க்கெழம?

— செவ்வா காடி வீட்டுல இல்ல. அவரோட கூட்டாளி ஒருத்தரு, சின்னையான்னு பேரு, வந்து காடிய எடுத்தாரு. இவரு ஏறிக்கிட்டாரு. சிம்பாங் பூலாய் பக்கம் கல்லு ஒடைக்கிற எடத்துல ஏதோ கான்ட்ராக்டாம். பத்துமலைக்கு அன்னைக்கு லீவு.

— ஒங்க வீட்டுக்காரரு தானா ஓட்டிக்கிட்டுப் போகலயா?

— அவரா? பதினேழு வயசுல லோரியில ஏறின மனுஷன், இப்ப சொந்தமா ஆறு லோரி. ஆனா காடியில பின் சீட்டுதான். மொதலாளி ஸ்டியரிங்கத் தொட்டா மரியாதை போயிரும்பாரு.

— சரி. புதன்கெழம?

— புதன் காலையில அடுப்பு.

— அப்ப செவ்வாய்க்கெழம என்னமோ நடந்திருக்கு. இங்க பாருங்க, இந்த பட்டாணிய உருவிட்டு, வயரு ரெண்டையும் ஒரு கிளிப்புப் போட்டு ஒன்னாச் சேக்குறேன். நீங்க இங்கயே புடிச்சிக்கிட்டு நில்லுங்க. நான் உள்ள போய் பொட்டிகிட்டப் பாக்குறேன்.

— புடிச்சிருக்கேன். ஓடுதா?

— ஓடல. கொசோங். வயரு நடுவுல எங்கயோ அந்து கெடக்கு. அக்கா, விட்ராதீங்க, எஞ்சின் பக்கம் வாரேன். வயரு உள்ள நொழையுற ஓட்டையில, ரப்பருக்கு இந்தப் பக்கம் குத்திப் பாக்குறேன்.

— ம்?

— இங்க வரைக்கும் ஓடுது. அப்ப செவுத்துக்கு இந்தப் பக்கம் நல்லாருக்கு. அந்தப் பக்கம், உள்ள, ஒரு முழம் நீளம்தான் பாக்கி. விட்டுட்டு வாங்க. டார்ச்ச அடிங்க. இன்னும் கீழ. கால் வைக்கிற எடத்துக்கு மேல.

— சின்ன எடத்துல எப்படித்தான் தலைய விடுறியோ.

— ஃபேக்டரியில மைக்ராஸ்கோப்புல எட்டு வருஷம் தலைய விட்டவ. ஆ. கையில என்னமோ குத்துது. அக்கா, இது ஸ்க்ரூவோட மொனை. வயரு கட்டுக்குள்ள ஏறி நிக்குது. பச்சை வயர ரெண்டா அறுத்திருச்சு.

— ஜப்பான்காரன் அடிச்சதா?

— இல்ல. மத்த ஸ்க்ரூ எல்லாம் மங்கிப் போய் கெடக்கு, இது பளபளன்னு இருக்கு. தகரம் தட்டுனவன் இந்தப் பக்கமே வந்திருக்க மாட்டான். ஒரு இரும்புத் துண்ட வச்சு, நாலு ஸ்க்ரூ அடிச்சிருக்காங்க. மூணு சரி, ஒன்னு நீளம். அவசரக்காரன் வேல. மொதல்ல வயரப் பாப்போம், பெறகு இரும்பப் பாப்போம். ஸ்க்ரூவத் திருப்பி எடுத்துட்டேன். ஈயத்தக் காய வைங்க, அந்தப் பட்டனத் தட்டுங்க. ரெண்டு மொனையையும் சீவி, முறுக்கி... புகை வருது, மூஞ்சியத் திருப்பிக்குங்க. ஆச்சு. டேப்பு. முன்னாடி அந்த பட்டாணிய மாட்டிட்டு வந்து மீட்டரப் பாருங்க.

— மாட்டிட்டேன். ஊசி எழுந்து நிக்குது, எல்ஸி. நடுவுல.

— பிளக்கப் போட்டாச்சு. இப்ப எஞ்சின ஸ்டார்ட் பண்ணுங்க. நான் பண்ணல. நீங்க பண்ணுங்க.

— நானா? சரி. இருபத்திரண்டுல வைக்கவா?

— வைங்க. முன்னால டக்குன்னு ஒரு சத்தம் கேக்குதா? கம்ப்ரஸர் புடிச்சிருச்சு.

— இன்னும் சூடாத்தான்... இல்ல. இல்ல, எல்ஸி. எறங்குது. கைய வச்சுப் பாரு. ஆத்தாடி, கேமரன் மலைக் காத்து.

— என் கையிலயும் படுது. அக்கா, ஒரு நிமிஷம் நான் சும்மா உக்காந்துக்கிறேன்.

— ஏம்மா, அழுவுறியா?

— இல்லக்கா. ஃபேக்டரியில போர்டு பாஸாச்சுன்னா பச்சை லைட்டு எரியும், அது என்னா போர்டு, எங்க போவுது, யாருக்குன்னு எதுவும் தெரியாது. எட்டு வருஷம். இன்னைக்குத்தான் நான் சரி பண்ணினது ஒருத்தர் மூஞ்சியில அடிக்கிறதப் பாக்குறேன்.

— ஒங்கண்ணன் வரட்டும். ஆறு லோரி வச்சிருக்கிறவ சொல்றேன், இனிமே எங்க வயரிங்கெல்லாம் இந்தப் பொண்ணு கைதான்னு நானே சொல்லிட்டுப் போறேன். பேரு எழுதுறதுக்கு வேற ஆளப் பாக்கட்டும். சரி, அந்த இரும்பு என்னா? ரேடியோக்காரன் வேலையா?

— அதான் பாக்குறேன். ரேடியோ இல்ல. அலாரமும் இல்ல, வயரே இல்ல இதுல. ஒரு இரும்புத் தகடு, நடுவுல ஒரு அச்சு. அச்சுல எதையோ மாட்டுறதுக்கு எடம் இருக்கு. அதுலேருந்து ஒரு கம்பி வலது பக்கமாப் போவுது. டார்ச்ச இப்படி. டிரைவரு கால் பக்கம். அக்கா, அந்தப் பக்கம் உக்காந்து பிரேக்க அமுக்குங்க.

— அமுக்குறேன்.

— விடுங்க. திரும்ப அமுக்குங்க. ஐயோ மாதாவே.

— என்னடி, பாம்பா?

— இது எனக்குத் தெரியும். அண்ணன் இதே மாதிரி ரெண்டு காடிக்குப் போட்டுக் குடுத்திருக்கு. நீங்க அமுக்குறப்பல்லாம் இந்த அச்சும் சேந்து திரும்புது. இது பிரேக்குக்கா. ரெண்டாவது பிரேக்கு. டிரைவிங் ஸ்கூல் காடியில வாத்தியாரு உக்காருற பக்கம் இருக்குமே, அது. இந்த அச்சுல மிதிய மாட்டுவாங்க. பழகி முடிச்சதும் மிதியக் கழட்டி எடுத்துட்டா வெளியில ஒன்னும் தெரியாது. மேல 'எல்' போர்டு வச்ச ஸ்கூல் காடியில போக வெக்கப்படுறவங்க, சொந்தக் காடியில இப்படிப் போட்டுக்குவாங்க.

— டிரைவிங் பழகுறதுக்கா?

— பழகுறவங்க தப்பா ஓட்டினா, பக்கத்துல இருக்கிறவரு மிதிச்சு நிறுத்துறதுக்கு.

— செவ்வாய்க்கெழம போட்டதா?

— செவ்வாய்க்கெழமதான் வயரு அந்திருக்கு.

— அப்ப அவருக்குத் தெரிஞ்சிருக்கு.

— எனக்கும் அப்படித்தான் தோணுது.

— சனிக்கெழம நான் இடிச்சேன். அது எப்படியோ அவரு காதுக்குப் போயிருச்சு. தோட்டத்துல எவனாச்சும் பாத்திருப்பான். ஒரு வார்த்தை கேக்கல, எல்ஸி. வையல, சிரிக்கல. இவ இன்னொரு தூணுல இடிக்காம இருக்கட்டும்னு கூட்டாளியக் கூட்டிக்கிட்டுப் போய் பிரேக்கு போட்டுக்கிட்டு வந்திருக்காரு. தானே பக்கத்துல உக்காந்து சொல்லிக் குடுக்கப் போறாரு. அதான் பத்துமலைக்கு இந்தக் காடியில வேல இல்லன்னாரு. மடச்சி, எனக்குப் புரியல பாரு. போன் எங்க இருக்கு?

— மேசை மேல. நம்பரு சொல்லுங்க, நான் சுத்துறேன்.

— நானே சுத்துறேன். ஹலோ, சதாசிவம் கம்பெனியா? மொதலாளிகிட்ட குடுங்க. வீட்டுலேருந்து.

— ஹலோ, சதாசிவம் பேசுறேன்.

— நான்தாங்க, மங்களம்.

— என்ன மங்களம், ஆபீஸுக்குப் போன் பண்ற? வீட்டுல எல்லாம் நல்லாத்தானே இருக்கு?

— நல்லாருக்கு. காடி குளிருது.

— குளிருதா? யாரு பாத்தது?

— எல்ஸின்னு ஒரு பொண்ணு. மூளைப் பொட்டி நல்லாத்தான் இருக்காம். பக்கத்து சீட்டுக்கு முன்னால, டாஷ்போர்டுக்கு அடியில அடிச்ச ஒரு ஸ்க்ரூ வயர அறுத்திருச்சாம்.

— ம்.

— அங்க இருக்கிற பிரேக்கையும் பாத்துட்டேங்க.

— பாத்துட்டியா?

— பாத்துட்டேன்.

— நானே சொல்லணும்னுதான் இருந்தேன், மங்களம். இன்னும் கொஞ்ச நாளு போகட்டும்னு பாத்தேன்.

— பரவால்லீங்க. கோவம் இல்ல. பதினோரு வருஷமா ஒரு கோவத்த முந்தானையில முடிஞ்சு வச்சிருந்தேன். இப்ப அவுத்துப் பாத்தா உள்ள ஒன்னும் காணோம். ஒன்னே ஒன்னு கேக்கணும். பத்துமலைய வேலையிலேருந்து நிறுத்தலதானே?

— யாரு சொன்னா? அவனுக்கு ஏழாவது லோரிய வாங்கிக் குடுக்கப் போறேன். இன்னைக்கு ஓட்ட விட்டுப் பாத்தேன், தங்கமா ஓட்டுறான். இந்தக் காடிக்கு இனிமே டிரைவரு வேணாம்னுதான்.

— வேணாம். நானே ஓட்டிக்கிறேன்.

— என்ன சொன்ன?

— நானே ஓட்டிக்கிறேன்னேன். இப்பக்கூட வீட்டுலேருந்து இங்க வரைக்கும் நான்தான் தனியா ஓட்டிக்கிட்டு வந்தேன். லைசென்ஸ் வந்து பத்து நாளாச்சு. தெரியாத மாதிரி பேசாதீங்க, தெரிஞ்சுதானே எனக்குப் பிரேக்கு போட்டு வச்சிருக்கீங்க? அன்னைக்கு அத்தனை பேரு முன்னாடி சிரிச்சீங்க. இன்னைக்கு அத்தனைக்கும் சேத்து, வாயால சொல்லாம, இரும்பாலயே பதில் சொல்லிட்டீங்க. எனக்கு இது போதுங்க.

— மங்களம், அந்தப் பொண்ணு பக்கத்துல இருக்குதா?

— இருக்கு. ஏன்?

— கொஞ்சம் தள்ளிப் போகச் சொல்லு.

— எல்ஸி, ஒரு நிமிஷம். ம், போயிருச்சு. சொல்லுங்க.

— நீ சொல்றதுக்கெல்லாம் ஆமான்னு சொல்லிட்டுப் பேசாம இருந்திரலாம். மனசு கேக்கல. சின்னையா கான்ட்ராக்டு பேச வர்ற ஆளு இல்ல, டிரைவிங் ஸ்கூல் வாத்தியாரு. அந்தப் பிரேக்க ஒனக்காகப் போடல, மங்களம். பதினேழு வயசுல நான் லோரியில ஏறினது மூட்டை தூக்குறதுக்கு. இன்னைக்கு வரைக்கும் எனக்குக் காடி ஓட்டத் தெரியாது.